மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 13 மாதம் பிடித்த அபராதத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

மாடக்குளத்தான்:

வணக்கம். தனியார் வங்கியில் இருந்த சம்பளக் கணக்கு. மூன்று மாதம் சம்பளம் விழாததால் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. மாதச் சராசரி இருப்பு 10,000 ரூபாய் வேண்டுமாம். 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை மாதம் 600 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 108, ஆக 708. பதின்மூன்று மாதத்துக்கு 9,204 ரூபாய் போயிருக்கிறது. கணக்கில் காசு இல்லாத மாதங்களில் ஹோல்டு போட்டு வைத்து, கேஸ் மானியம் வந்து விழுந்தவுடன் எடுத்திருக்கிறார்கள். பிடிப்பதற்கு முன்னால் எஸ்எம்எஸ், மெயில் எதுவும் இல்லை. கிளையில் கேட்டால் "சிஸ்டம் தானா பிடிக்குது சார், எங்க கையில இல்ல" என்கிறார்கள்.

இணையத்தில் ஒரு மாதிரிக் கடிதம் கிடைத்தது. "பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன்" என்று முடிகிறது. அதை அப்படியே அனுப்பலாமா? மதுரையில் அந்தக் கோர்ட் எங்கே இருக்கிறது? ஒன்பதாயிரத்துக்கு வக்கீல் வைத்தால் கட்டுபடியாகுமா?

பேரேடு:

கடைசியிலிருந்து வருகிறேன். வக்கீல் வேண்டாம். அந்தக் கடிதமும் வேண்டாம், அது இங்கிலாந்துச் சரக்கு. அங்கே 2006, 2007 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் அப்படி எழுதி ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுத்தது) அபராதத்தைத் திரும்ப வாங்கினார்கள். 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் "இது வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, தொகை நியாயமா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் எடைபோட முடியாது" என்று சொல்லிவிட்டது. கடிதம் மட்டும் இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. சென்னையில் ஸ்மால் காஸஸ் கோர்ட் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அங்கே போய் நிற்காதீர்கள், அங்கே பெரும்பாலும் வாடகைத் தகராறும் வாகன விபத்து இழப்பீடும்தான். உங்களுக்கு முதலில் வங்கி, பிறகு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி), தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அந்த இங்கிலாந்துக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. "600 ரூபாய் அநியாயம்" என்று எழுதினால் "கட்டணப் பட்டியலில் உள்ளதுதான், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆம்புட்ஸ்மேனிடமும் எடுபடாது. ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்புட்ஸ்மேன் திட்டத்திலேயே வங்கியின் வணிக முடிவுகளை அவர் விசாரிக்க மாட்டார் என்று இருக்கிறது. அதனால் தொகையைப் பேசாதீர்கள், பிடித்த விதத்தைப் பேசுங்கள்.

பிடிக்கும் விதத்துக்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 20.11.2014 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது, 1.4.2015 முதல் நடப்பு. அதிலிருந்து உங்களுக்கு உதவுவது இவ்வளவு:

இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ், மெயில் அல்லது கடிதம் மூலம் தெளிவாக அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம், அதையும் தெரிவித்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அபராதம் பற்றாக்குறைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆயிரம் குறைந்தவனுக்கும் பத்தாயிரம் குறைந்தவனுக்கும் ஒரே தொகை என்பது செல்லாது.

அபராதம் பிடித்த ஒரே காரணத்தால் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

இந்த மூன்றில் முதலாவதுதான் உங்கள் பலம், கடிதத்தை அதில் தொடங்குங்கள். மைனஸ் விஷயத்தைத் தனியாக நம்ப வேண்டாம். "நாங்கள் மைனஸ் ஆக்கவில்லையே, காசு வந்தபிறகுதானே எடுத்தோம்" என்பார்கள். அறிவிப்பே இல்லாதபோது ஹோல்டு போடவும் உரிமை இல்லை என்று முதல் வாதத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

இரண்டாவதற்குக் கணக்குப் போட வேண்டும். ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுங்கள். பலரும் மாதக் கடைசி இருப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறார்கள், அது தப்பு. முப்பது நாள் மாதத்தில் பத்து நாள் 30,000 இருந்து மீதி இருபது நாள் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி 10,000 வந்துவிடும், அபராதமே கிடையாது. பரிவர்த்தனை இல்லாத நாட்களையும் சேர்க்க மறக்காதீர்கள், ஸ்டேட்மெண்ட்டில் அந்த நாட்களுக்கு வரி இருக்காது.

அப்படியே அந்தக் காலத்துக் கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். "பற்றாக்குறையில் 6% அல்லது 600, எது குறைவோ அது" என்று இருந்து, ஒரு மாதச் சராசரி 7,500 என்று வந்தால் அந்த மாத அபராதம் 150 ரூபாய்தான். 600 பிடித்திருந்தால் 450-ம் அதற்கான ஜிஎஸ்டி 81-ம் எந்த வாதமும் இல்லாமலே திரும்பி வர வேண்டிய காசு.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் திரட்டி, வங்கி வகைவாரியாகப் புதிய தொகுப்பு ஆணைகளாக வெளியிட்டது. "நீங்கள் சொல்லும் சுற்றறிக்கை இப்போது நடப்பில் இல்லை" என்று பதில் வந்தால் அசர வேண்டாம். உங்கள் பிடித்தம் முழுக்க அதற்கு முந்தையது. பிடித்த அன்றைக்கு எந்த விதி இருந்ததோ அதுதான் பேசும்.

முத்திரைத்தாள்:

பேரேடு அண்ணன் சொன்னதை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். மூன்று பக்கக் கடிதத்தை நோடல் அலுவலகத்தில் (வங்கியின் புகார்களைக் கவனிக்கும் இடம்) யாரும் படிப்பதில்லை. சாரம் இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: முன்னறிவிப்பின்றிப் பிடித்த குறைந்தபட்ச இருப்பு அபராதம் ரூ.9,204-ஐத் திருப்பித் தரக் கோருவது.

இணைப்பு 1-இல் கண்ட 13 தேதிகளில் என் சேமிப்புக் கணக்கிலிருந்து மொத்தம் ரூ.9,204 (அபராதம் 7,800, ஜிஎஸ்டி 1,404) பிடிக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தர வேண்டிய அறிவிப்பு எந்த மாதத்துக்கும் எனக்கு வரவில்லை. அனுப்பியதாகக் கூறினால், ஒவ்வொரு அறிவிப்பின் தேதி, நேரம், அனுப்பிய எண், முழு வாசகம், சென்றடைந்த நிலை ஆகியவற்றைத் தரவும். இணைப்பு 2-இல் கண்ட மாதங்களில் அபராதம் பற்றாக்குறையின் விகிதத்தை மீறியும் உள்ளது. தொகை முழுவதையும் திருப்பி வரவு வைக்கவும், நிலுவையில் உள்ள ஹோல்டை நீக்கவும் கோருகிறேன். கோரிக்கையை முழுதாகவோ பகுதியாகவோ மறுத்தால், அது இன்டர்னல் ஆம்புட்ஸ்மேனின் பரிசீலனைக்குப் பிறகு எடுத்த முடிவா என்பதைப் பதிலில் குறிப்பிடவும்."

கடைசி வரி ஏன் என்றால், வங்கிகள் ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் தங்கள் இன்டர்னல் ஆம்புட்ஸ்மேனுக்கு (அந்த முடிவை மறுபடி பார்க்க வங்கிக்குள்ளேயே இருக்கும் அதிகாரி) அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஆணை. நாம் நேராக அவரிடம் போக முடியாது. ஆனால் இந்த வரியைப் பார்த்தால் கோப்பைத் திறக்காமலே "ரிஜெக்ட்" அடிக்கக் கை கொஞ்சம் தயங்கும்.

எஸ்எம்எஸ் விவரம் கேட்பதுதான் கடிதத்தின் முதுகெலும்பு. "அனுப்பினோம்" என்று சொல்வது சுலபம், அனுப்பியதற்கான கணினிப் பதிவை (லாக்) எடுத்துத் தருவது சிரமம். தந்தாலும் இரண்டு ஓட்டை பாருங்கள். ஒன்று, எஸ்எம்எஸ் தேதி பிடித்தத்துக்குப் பிந்தையதாக இருக்கும். மற்றது, "இருப்பைப் பராமரித்துக் கட்டணத்தைத் தவிர்ப்பீர்" என்று எல்லாருக்கும் பொதுவாக அனுப்பிய விளம்பரமாக இருக்கும், உங்கள் கணக்கில் பற்றாக்குறை என்ற பேச்சே இருக்காது. நீங்கள் செல் நம்பரை மாற்றிவிட்டு வங்கிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் ஓட்டை உங்கள் பக்கம். அதை முதலிலேயே சரிபாருங்கள்.

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் தபால்தான். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் ரெஜிஸ்ட்ரேஷனோடு ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள். டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள், பின்னால் தேடினால் கிடைக்காது. கூரியர் ரசீதை நம்ப வேண்டாம். அதே கடிதத்தை வங்கித் தளத்தின் புகார்ப் பகுதியிலும் ஏற்றிப் புகார் எண் வாங்குங்கள். கஸ்டமர் கேரில் போனில் பேசியதை மட்டும் வைத்துக்கொண்டு "புகார் கொடுத்தேன்" என்று சொன்னால் மேலே போகும்போது திண்டாட வேண்டிவரும்.

கிளைக்குத் தமிழிலேயே கொடுக்கலாம். நோடல் அலுவலருக்கு ஆங்கில நகல் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள், மொழிபெயர்ப்புக்கு என்று பதினைந்து நாள் வீணாகாது.

தீரும்வரை கணக்கை மூட வேண்டாம். மூடிவிட்டால் நெட் பேங்கிங் போய்விடும், ஸ்டேட்மெண்ட்டுக்கும் அவர்களிடமே கை ஏந்த வேண்டும். மாதாமாதம் மேலும் அபராதம் ஏறுமே என்ற பயமிருந்தால், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது.

மாடக்குளத்தான்:

நன்றி அண்ணே. இரண்டு கடிதமும் போயாயிற்று. மெயிலில் பதில் வந்திருக்கிறது: "நல்லெண்ண அடிப்படையில் மூன்று மாத அபராதம் ரூ.2,124 திருப்பி வரவு வைக்கப்பட்டது, புகார் தீர்க்கப்பட்டது." எஸ்எம்எஸ் விவரம் பற்றி மூச்சே இல்லை. இன்டர்னல் ஆம்புட்ஸ்மேன் என்ற வார்த்தையும் இல்லை.

பேரேடு:

எதிர்பார்த்ததுதான். மூன்று மாதம் என்பது பல கிளைகளில் மேலே கேட்காமல் தரக்கூடிய அளவு. காசைத் திருப்பி அனுப்ப வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். அன்றைக்கே பதில் மெயில் போடுங்கள்: "ரூ.2,124-ஐ என் கோரிக்கையின் ஒரு பகுதியாக மட்டுமே ஏற்கிறேன். மீதி ரூ.7,080 நிலுவையில் உள்ளது. புகார் தீர்ந்ததாக நான் ஒப்புக்கொள்ளவில்லை." இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், பின்னால் "முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டார்" என்று ஆம்புட்ஸ்மேனிடம் காட்டுவார்கள்.

இனி ஆம்புட்ஸ்மேன். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றாலும், வந்த பதில் திருப்தி இல்லை என்றாலும் போகலாம். 2021 திட்டப்படி வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். வங்கி தன் தளத்தில் லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று படிக்கட்டு வைத்திருக்கும், எல்லாப் படியும் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை.

ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் செல் நம்பருக்கு ஓடிபி வாங்கிப் பதியலாம். இணையம் ஒத்துவராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், எந்த மொழியிலும். சந்தேகம் கேட்க 14448. கட்டணம் ஒரு பைசா இல்லை. வக்கீல் மூலம் தாக்கல் செய்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆக நீங்களேதான்.

படிவத்தில் தவறுவது இங்கேதான்: வங்கிக்கு எழுதிய தேதியையும் கடித நகலையும் இணைக்காமல் விடுவது, அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நடந்துகொண்டிருக்கும்போது இங்கேயும் போடுவது, "வங்கி கொள்ளையடிக்கிறது" என்று பொதுவாக எழுதுவது. மூன்றுமே உள்ளே நுழையாமலே மூடப்படும். அப்படி ஏற்கத்தக்கதல்ல என்று மூடியதற்கு மேல்முறையீடும் கிடையாது. சுருக்கத்தின் முதல் வரியிலேயே "20.11.2014 சுற்றறிக்கை சொல்லும் ஒரு மாத முன்னறிவிப்பு இன்றி 13 முறை பிடித்தம்" என்று வந்துவிட வேண்டும்.

உள்ளே போனால் வங்கியிடம் விளக்கம் கேட்பார்கள், சமரசம் பேசுவார்கள். என் கணிப்பில் இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் இங்கேயே முடியும். ஏழாயிரத்துக்காகத் தலைமை அலுவலகம் லாக் தேடுவதைவிடத் திருப்பிக் கொடுப்பது அவர்களுக்கு மலிவு.

ஒரு எச்சரிக்கை. 2024 மே மாதம் அனுப்பிய உண்மையான அறிவிப்பு ஒன்றை வங்கி காட்டிவிட்டது என்று வையுங்கள். "இருப்பு தொடர்ந்து குறைவாகவே இருந்தது, ஒரு அறிவிப்பு போதும்" என்பார்கள். அப்போது உங்கள் சராசரி அட்டவணையில் இடையில் ஏதாவது மாதம் 10,000-ஐத் தொட்டதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் அதற்குப் பிறகு வரும் குறைவு புதுக் குறைவு, அதற்குப் புது அறிவிப்பு வேண்டும் என்று கேட்கலாம். அட்டவணை போடாமல் போகிறவர்களுக்கு இந்த வாதம் கைக்கே வராது.

கோர்ட்டுக்கட்டு:

ஆம்புட்ஸ்மேனில் முடியாவிட்டால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலக்கெடு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69: இரண்டு வருஷம். ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருக்கும் நாட்களை யாரும் தானாகக் கழித்துத் தருவதில்லை. உங்கள் முதல் பிடித்தம் 2024 ஜூலை, ஆக 2026 ஜூலைக்கு முன்னால் மனு உள்ளே இருந்தால் வம்பில்லை. தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட்டு, காரணம் சொல்ல வேண்டும்.

எங்கே: நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருக்கட்டும், மதுரை ஆணையம் போதும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே ஏற்றலாம், பழைய இ-தாக்கில் இப்போது அதற்குள் வந்துவிட்டது. நேரில் போட்டால் ஆணையத்துக்கு ஒரு செட், எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு செட், உங்களுக்கு ஒன்று. மனு, நோட்டரி கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம், தேதி வரிசை, ஆவணங்கள். எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். ஸ்டேட்மெண்ட் நெட்டிலிருந்து எடுத்ததென்றால் மின்னணு ஆவணத்துக்கான சான்றும் வேண்டும், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் வருவது. முன்பு 65பி என்று சொன்னார்களே, அதுதான். வங்கி முத்திரையிட்டுச் சான்றளித்த ஸ்டேட்மெண்ட் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி குறையும்.

எதிர்த்தரப்பு 1 "கிளை மேலாளர்", எதிர்த்தரப்பு 2 வங்கியின் பதிவு அலுவலகம். மேலாளரின் சொந்தப் பெயரைப் போடாதீர்கள். அவர் அடுத்த மாதம் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போனால் நோட்டீஸும் பின்னாலேயே அலையும்.

மனுவில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் 2019 சட்டப்படி நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்டத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. வங்கி வக்கீல் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்வார். "சேவைக் குறைபாடு", "முறையற்ற வணிக நடைமுறை" என்று மட்டும் எழுதுங்கள்.

கேட்பது: மீதித் தொகை, பிடித்த தேதியிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமாக ஒரு தொகை, வழக்குச் செலவு. ஏழாயிரத்துக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டால் மனுவின் முகமே கெட்டுப்போகும்.

வங்கி பதில் தர 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15. அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 4.3.2020 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நாட்கள் எண்ணத் தொடங்குவது மனு நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து. நகல் இல்லாமல் வெறும் நோட்டீஸ் போனால் அதையே சாக்காக வைத்து இழுப்பார்கள். உங்கள் செட் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். வாய்தாவுக்கு வர முடியாவிட்டால் வீடியோ வழியாக ஆஜராக மனு கொடுக்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

தீர்ப்பு வந்து வங்கி மேல்முறையீடு போக வேண்டுமென்றால் 45 நாளுக்குள் போக வேண்டும், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். இந்த அளவு தொகைக்கு அந்தச் செலவை வங்கிகள் பொதுவாக விரும்புவதில்லை.

பலசரக்கு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கும் இதே வழியா?

பேரேடு:

இல்லை. 2014 சுற்றறிக்கை சேமிப்புக் கணக்குக்கு மட்டும். கரண்ட் அக்கவுண்டில் வங்கி தன் கட்டணப் பட்டியலை மீறியதா, பட்டியலை மாற்றியதை முன்னால் சொன்னதா என்றுதான் பார்க்க முடியும். நுகர்வோர் ஆணையத்தில் "வணிக நோக்கம்" என்று ஆட்சேபம் எழும், சுயதொழில் செய்து பிழைப்பவர் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆம்புட்ஸ்மேனிடம் அந்தத் தடை இல்லை, அங்கே போங்கள்.

முத்திரைத்தாள்:

மாடக்குளத்தான் ஸ்டேட்மெண்ட்டைக் கையில் வைத்திருக்கும்போதே மற்ற வரிகளையும் பாருங்கள். எஸ்எம்எஸ் கட்டணம் என்று காலாண்டுக்கு ஒரே தொகை இருந்தால், உண்மையில் அனுப்பிய எண்ணிக்கைப்படிதான் வாங்க வேண்டும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்து ஐந்து நாளுக்குள் திரும்பாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், நாம் கேட்காமலே தர வேண்டும், 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. எந்திரக் கோளாறால் தோற்றுப்போன முயற்சி இலவச ஏடிஎம் பரிவர்த்தனை எண்ணிக்கையில் சேராது. இரண்டு வருஷத்துக்குமேல் நீங்கள் தொடாமல் செயலற்றுப்போன கணக்கு ஏதாவது இருந்தால் அதில் இருப்புக் குறைவு அபராதமே போடக் கூடாது, மீண்டும் உயிர்ப்பிக்கவும் காசு கேட்கக் கூடாது.

ஆனால் இவற்றையெல்லாம் இப்போதைய புகாரில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், தனிப் புகார் எண். ஒன்றாகக் கட்டினால் சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொத்தத்தையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுவார்கள்.

மாடக்குளத்தான்:

அட்டவணை போட்டுவிட்டேன். நான்கு மாதம் விகிதத்துக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். அக்டோபரில் சராசரி 10,450 வருகிறது, அதற்கும் அபராதம் போட்டிருக்கிறார்கள்!

பேரேடு:

அக்டோபரை அட்டவணையில் முதல் வரியாகப் போடுங்கள். தேதி வரிசை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.